கேட்டால் மட்டும் இருக்கும் மாடிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்தது என் நாத்தனார் மேல் இருக்கும் பொறாமையால்தான். கலைக்காக, மொழிக்காக என்றெல்லாம் முன்னுரைகளில் எழுதியிருக்கிறேன். அவை வேறு புத்தகங்கள். இதற்குக் காரணம் சுத்தமான வயிற்றெரிச்சல். ஒரு காலையில் உள்ளறையிலிருந்து என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே முதல் வரியை யோசித்தேன்.

அந்த முதல் வரி இது:

"அவள் எதையும் முழுதாகச் செய்து வைத்ததே இல்லை, அதனாலேயே எல்லோருக்கும் அவளை —"

பாதியில் விட்டுவிட்டேன். "பிடித்திருந்தது" என்று முடிக்க வேண்டும், கை வரவில்லை. அடுத்த முயற்சி:

"ஒரு ஊரில் ஓர் எழுத்தாளரும் அவளுடைய நாத்தனாரும் —"

இப்படி ஆரம்பித்தால் யார் நல்லவள், யார் கெட்டவள் என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். அதுவும் சரியாகவே கட்டுவீர்கள். வேண்டாம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆட்கள் நாலே பேர். நான், கதை எழுதுகிறவள். என் வீட்டுக்காரர், பல் டாக்டர். எங்கள் மகள், ஒன்றாம் வகுப்பு. அப்புறம் என் நாத்தனார், அவருடைய தங்கை, கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவள். இங்கே வேலை கிடைத்ததும் ஒரு பெட்டியோடு வந்து, "வீடு பார்க்கற வரைக்கும்தான் அண்ணி" என்றாள். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

(ஐந்தாவதாக ஓர் ஒட்டகம் உண்டு. அது தானாக வரும்.)

2

காலையில் மகளுக்குத் தலைவாரிச் சடை பின்னுவது நாத்தனாரின் வேலை. அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள், நானும் வாயெல்லாம் பல்லாகக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அரைப் பக்கம் எழுதலாமே என்று கணக்குப் போட்டவள் நான். முக்காலியில் மகள் உட்கார்ந்திருப்பாள். பின்னால் கட்டில் விளிம்பில் அத்தை, வாயில் ரப்பர் பேண்டைக் கவ்விக்கொண்டு. சீப்பு ஒரு பக்கம் ஓடும், கதை ஒரு பக்கம் ஓடும்.

கதை என்னவென்றால், ஓர் ஒட்டகம் லிஃப்டுக்குள் ஏறிவிட்டது. அதன் பெயர் ஒட்டகம் சார். வேலைக்கு நேர்காணல் என்று வந்த இடத்தில் எந்த மாடி என்பது மறந்துவிட்டது. பொத்தானை மூக்கால் அமுக்கும், கதவு திறக்கும், அங்கே ஏதாவது இருக்கும். ஒரு மாடி முழுக்கக் குடைகள், எல்லாம் குறட்டை விட்டுத் தூங்குகின்றன. இன்னொரு மாடியில் முழங்கால் அளவு தண்ணீர், நடுவில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒருவர் கப்பல் டிக்கெட் விற்கிறார். ஒட்டகம் சார், "மன்னிச்சுக்குங்க, மாடி மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொள்ளும்.

அவ்வளவுதான் கதை. விமர்சகராகச் சொல்கிறேன்: அமைப்பு கிடையாது, வளர்ச்சி கிடையாது, உச்சம் கிடையாது. பத்திரிகைக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

"அத்தை, மொத்தம் எத்தனை மாடி?"

"தெரியலையே. நீ கேட்டா அடுத்த மாடி இருக்கும்."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா அங்க மாடியே கிடையாது. வெறும் வானம்தான்."

"அப்புறம்?"

அந்த "அப்புறம்?" இருக்கிறதே, அதுதான் என்னை அறுத்தது. என் மகள் என்னிடம் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நான் கதை சொன்னால் "ம்" கொட்டுவாள். நல்ல பிள்ளை, மரியாதைக்குக் கொட்டுவாள். போகப்போக அந்த "ம்" நீண்டு, இளைத்து, மூச்சாகிவிடும், பார்த்தால் தூங்கியிருப்பாள்.*

* "குழந்தையைத் தூங்க வைக்க உன் கதைய விட்டா வேற மருந்து இல்ல" என்று என் வீட்டுக்காரர் பாராட்டுவார். அவர் பாராட்டாகத்தான் சொல்கிறார், அதுதான் கொடுமை.

3

இந்தப் பகுதியைக் கட்டுரையாக எழுதி வைத்திருந்தேன். "சோம்பல் என்பது ஒரு தத்துவம்" என்று ஆரம்பித்தது. அதைக் கிழித்துவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் நடந்ததை அப்படியே தருகிறேன்.

"அந்த ஒட்டகக் கதைக்கு என்ன முடிவு வச்சிருக்க?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"முடிவா? நாளைக்குக் காலைல என்ன மாடின்னே எனக்குத் தெரியாது அண்ணி."

"சும்மா சொல்லாத. யோசிச்சு வைக்காம எப்படி சொல்ல முடியும்?"

"அவ கேட்டப்புறம்தான் யோசிப்பேன். எங்க வேலையிலயும் அப்படி ஒண்ணு இருக்கு. சோம்பல் வரிசைன்னு வச்சுக்குங்களேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு உலகத்துல இருக்கற எல்லா எண்ணையும் ஒரே வரில எழுதிடலாம்."

"எல்லா எண்ணுமா?" என்றார் என் வீட்டுக்காரர். "அதுக்கு முடிவே கிடையாதே. எங்க கொண்டுபோய் வைப்ப?"

"எங்கயும் வைக்க மாட்டேன்ணா. அடுத்ததை எப்படி செய்யணும்ங்கறதை மட்டும் எழுதி வைப்பேன். முதல் அஞ்சு வேணும்னு கேட்டா அஞ்சை மட்டும் செஞ்சு கொடுக்கும். ஆறாவது அப்ப இருக்காது. யாராவது கேக்கற வரைக்கும் அது பாட்டுக்குக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்."

"உன்னை மாதிரி" என்றேன்.

"என்னை மாதிரியேதான். ஆனா ஒரு தடவை செஞ்சு கொடுத்துட்டா மறக்காது. அதே இடத்தைத் திரும்பக் கேட்டா, புதுசா செய்யாது. முதல்ல செஞ்சதையே எடுத்து நீட்டும். அதை மாத்த முடியாது."

இந்தக் கடைசிப் பேச்சை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது வேறு கவலை. நான் எதையும் முன்கூட்டியே செய்து முடிக்கிற ரகம். ஒரு நாவல் எழுத ஆரம்பிக்கும் முன்பே எந்த அத்தியாயத்தில் யார் சாக வேண்டும் என்று தாள் தாளாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். அவளோ பசி என்று யாராவது சொன்ன பிறகு அடுப்பைப் பற்ற வைக்கிறவள். அப்படியிருந்தும் என் வீட்டில் சூடாகப் பரிமாறுகிறவள் அவள்தான்.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். எழுதியதைத் திரும்பப் படித்தால் நாத்தனார் நல்லவளாகவே வந்துகொண்டிருக்கிறாள். கதாபாத்திரத்துக்கு ஒரு குறையாவது இருந்தால்தான் உயிர் வரும். தேடினேன். ஈரத்துண்டைக் கட்டிலின் மேல் போடுவாள். [போதாது.] ஃபோனை எடுக்க மாட்டாள். [என் வீட்டுக்காரரும்தான் எடுப்பதில்லை.] அவள் ஒரு —

நல்லவேளையாக அவளே ஒரு தப்பு செய்தாள்.

அவள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும், என் வீட்டுக்காரர் கிளினிக்குக்கும்கூட, ஒரு சேவை தருகிறது. "நாளை உங்களுக்கு டாக்டரைப் பார்க்கும் நாள்" என்று நோயாளிகளுக்குச் செய்தி அனுப்பும் சேவை. அதைப் புதிதாக எழுதும் பொறுப்பு அவளுடையது. அதைப் போட்ட மறுநாள் என் வீட்டுக்காரர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஊரில் யாருக்கும் பல் வலிக்கவில்லை போலிருக்கிறது என்று சோபாவில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். மூன்றாம் நாள் மற்ற டாக்டர்கள் ஃபோனில் கத்த ஆரம்பித்த பிறகுதான், யாருக்கும் செய்தியே போகவில்லை என்பது தெரிந்தது.

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு விளக்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாப் பேருக்கும் அனுப்புன்னு எழுதினேன் அண்ணி. ஆனா அதை சோம்பல் வரிசையா எழுதிட்டேன். என் மேஜையில ஓட்டிப் பாக்கும்போது, விடை என்னன்னு திரை கேட்டுச்சு. திரைல காட்டணும்னா செஞ்சுதானே ஆகணும்? அதனால ஒண்ணு விடாம அனுப்பிடுச்சு. நானும் சரியா இருக்குன்னு வந்துட்டேன். அங்க தானா ஓடும்போது விடையை யாரும் கேக்கல. 'இவங்களுக்கெல்லாம் அனுப்பணும்'னு வரிசை போட்டு வச்சுட்டு அப்படியே தூங்கிடுச்சு."

"தப்புன்னு காட்டலையா?"

"காட்டாதே. அதைப் பொறுத்தவரைக்கும் தப்பே நடக்கலையே. நான் பாத்தா வேலை செய்யுது, பாக்கலன்னா செய்யல. 'எல்லாத்தையும் இப்பவே செய்'னு ஒரு சொல் சேர்த்திருந்தா போதும்."

அன்று மாலை நான் பால் காய்ச்சினேன். ஒரு சொட்டு வழியவில்லை.

கம்பெனி அவளைப் பக்கத்து ஊர் கிளினிக்குகளுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது மகளின் சீப்பை என் கையில் கொடுத்தாள். "கதையையும் நீங்களே பாத்துக்குங்க அண்ணி. நீங்க சொன்னா நல்லா இருக்கும்." மனதாரத்தான் சொன்னாள். அவளிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

5

ஒட்டகத்துக்கு நான் போட்ட திட்டம் என் எழுத்து வாழ்க்கையிலேயே உருப்படியான திட்டம் என்று சொல்வேன். சும்மா மாடி மாடியாக அலைகிற பிராணிக்கு ஒரு துயரம் கொடுத்தேன். அது வேலை தேடி வரவில்லை, தொலைந்துபோன அம்மாவைத் தேடி வந்திருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் அம்மாவின் ஒரு தடயம். தூங்குகிற குடைகளுக்கும் கப்பல் டிக்கெட் விற்கிறவருக்கும்கூட அர்த்தம் வைத்தேன். எல்லாவற்றையும் எழுதி, இரண்டு முறை திருத்தி, மனப்பாடம் செய்துகொண்டு காலையில் சீப்போடு உட்கார்ந்தேன்.

முதல் மாடியைச் சொன்னேன்.

"அப்புறம்?" என்றாள் மகள்.

என் கண் கலங்கிவிட்டது, மறைக்க மாட்டேன். உடனே இரண்டாவது மாடி. "அப்புறம்?" மூன்றாவதைக் கொட்டினேன். நாலாவது மாடியில் அவள் கேட்கவில்லை, நானே சொல்லிவிட்டேன். ஐந்தாவதில் "ம்" என்றாள். அந்த "ம்" எனக்கு நன்றாகத் தெரிந்த "ம்". பிறகு சடை கையில் இருக்கும்போதே முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீ முன்னாடியே வச்சிருக்க."

"என்னத்தை?"

"மாடி எல்லாத்தையும். நான் கேக்கறதுக்கு முன்னாடியே."

"இருந்தா என்ன? கதை நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாருக்கு. ஆனா நான் கேக்கவே வேணாமே. அத்தைன்னா நான் கேட்டப்புறம் மேல பாத்து யோசிப்பா. ரப்பர் பேண்டைக் கடிப்பா. அப்பதான் எனக்காக செய்வா."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. பென்சில் முனை உடைந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

6

[முதல் வரைவில் இந்த இடத்தில் தாய் புன்னகைக்கிறாள். "அப்படியா செல்லம், சரி, அம்மாவும் யோசிக்கிறேன்" என்கிறாள். இருவரும் சேர்ந்து ஒரு புது மாடியைக் கட்டுகிறார்கள். அந்தத் தாய் எனக்கும் பிடித்தவள்தான். அவள் எங்கள் வீட்டில் இல்லை.]

நடந்தது இது. நான் சடையை இறுக்கி முடிந்தேன்.

"அப்புறம் மொட்டை மாடி வந்துடுச்சு" என்றேன்.

"மொட்டை மாடியா?"

"ஆமா. அதுக்கு மேல மாடி கிடையாது. ஒட்டகம் சார் வெளிய வந்துச்சு. பாத்துச்சு. யாரும் இல்ல. படுத்துச்சு. செத்துப்போச்சு."

"செத்தே போச்சா?"

"ஆமா. கதை முடிஞ்சுது. எல்லாக் கதையும் முடியணும்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் கட்டிக்கொண்டிருப்பேன், கதையும் வேறு பக்கம் போயிருக்கும். அவள் முக்காலியிலிருந்து இறங்கினாள். ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் விரித்த தலை. அப்படியே பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். கேட்டில் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சாயங்காலம் சொன்னேன். "பொறாமையா இருந்தா பொறாமைன்னு சொல்லிடேன்" என்றார். "அதுக்குப் போய் ஒரு ஒட்டகத்தையா கொல்லணும்?"

7

நாத்தனார் திரும்பி வந்தாள். மறுநாள் காலை முக்காலி, கட்டில், சீப்பு எல்லாம் பழைய இடத்தில். நான் வாசற்படியில் ஒரு துணியை மடிக்கிற சாக்கில் நின்றேன். அவள் இரண்டாய்த் தலையை வகிர்ந்துவிட்டுக் காத்திருந்தாள். அந்தச் சொல் வரவே இல்லை.

"என்னடா, ஒட்டகம் சார் எந்த மாடில இருக்காரு?"

"செத்துப்போச்சு அத்தை. மொட்டை மாடில. அம்மா சொல்லிட்டா."

"அது சும்மா சொன்னேன்டி" என்றேன். "சாகல. அசந்து தூங்கிடுச்சு, அவ்வளவுதான்."

"இல்ல" என்றாள் மகள், என்னைப் பார்க்காமல். "நீதான் செத்துப்போச்சுன்ன. சொன்னா சொன்னதுதான்."

இப்போது ஞாபகம் வருகிறதா? அதே இடத்தைத் திரும்பக் கேட்டால் முதலில் செய்ததையே எடுத்து நீட்டும், மாற்ற முடியாது. ஒட்டகம் ஏறிய எல்லா மாடியும் வரிசை மாறாமல் என் மகளுக்குத் தெரியும். சொன்னவள் மறந்த மாடிகூட அவளுக்கு மறக்காது. அந்த வரிசையின் நுனியில் நான் ஒரு பிணத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

நாத்தனார் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் அவளுக்கு நான் தேடிய குறையும் கிடைத்திருக்கும். "ஓ" என்றாள். சடையைப் பின்னி முடித்தாள்.

அதன் பிறகு காலைகளில் சீப்பு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குத் தாராளமாக அரைப் பக்கம் எழுத நேரம் கிடைத்தது. ஒரு வரி வரவில்லை.

பிறகு ஒரு நாள், உள்ளறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே சிரிப்பு. அதே பழைய சிரிப்பு. நான் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இரண்டு பேரும் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் ஒரு கிளிப்பை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் மகள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அடுப்பருகே வருவதற்குள் மறுபடி சிரிப்பு.

8

இனி வருவதை நான் ஜோடிக்கவில்லை. ஜோடிக்கத் தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டேன். மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கீழே உட்கார்ந்து அவளுடைய ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே அவள் குரல் கேட்டது, ரொம்பப் பொறுமையாக.

"அம்மா, காலைல நீ உள்ள வராத."

"ஏன்?"

"நீ வந்தா ஒட்டகம் சார் செத்துப்போகணும். நீ அப்படித்தானே சொல்லிருக்க. அதனால உன் சத்தம் கேட்டதும் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ப் படுத்துக்கும். நீ போனதும் எழுந்துக்கும். படுத்துப் படுத்து எழுந்து, பாவம், அதுக்கு முதுகு வலிக்குதாம்."

கயிற்றின் முடிச்சு என் கையிலேயே நின்றுவிட்டது.

என் சொல்லை அவள் மாற்றவில்லை, கவனித்தீர்களா? நான் கொன்ற ஒட்டகம் எனக்குச் செத்த ஒட்டகம்தான். என்னை மீறாமல், என்னைப் பொய்யாக்காமல், என்னைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். நாத்தனாரின் புரோகிராம் யாராவது பார்த்தால்தான் வேலை செய்தது. இது நான் பார்க்காவிட்டால்தான் வேலை செய்யும்.

இதில் எனக்கு இன்னொரு பொறாமையும் உண்டு. இதை யார் முதலில் யோசித்தது? நாத்தனார் என்றால் என்னால் தாங்க முடியாது. இத்தனை வருஷம் எழுதியும் எனக்கு இப்படி ஒரு வரி அமைந்ததில்லை. மகள் என்றால், அந்த முதுகுவலி அவளுக்கு எங்கிருந்து வந்தது? மேஜையில் குனிந்து குனிந்து எழுதிவிட்டு "ஐயோ முதுகு" என்று எழுந்திருக்கிறவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். இரண்டு பேரில் யாரைக் கேட்டாலும் பதில் சொல்வார்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு அதை மாற்ற முடியாது. அதனால் கேட்காமல் வைத்திருக்கிறேன். கேட்காத வரைக்கும் அந்த வரியில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

9

முடிவு வேண்டும். சுவரில் மூன்று தாள் ஒட்டியிருக்கிறேன்.

முதல் தாள்: நான் கதவைத் திறந்து, மகளிடம் மன்னிப்புக் கேட்டு, முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்கிறேன். "அப்புறம்?" என்று நானே கேட்கிறேன். நல்ல முடிவு. ஆனால் நான் கேட்டால் வருவது என்ன என்று உங்களுக்கே தெரியும். மொட்டை மாடி.

இரண்டாவது தாள்: நாத்தனாருக்கு ஒரு வீடு கிடைத்துவிடுகிறது. [இதை எழுதும்போது கை தானாக ஓடியது. அதனாலேயே கிழிக்கிறேன்.]

மூன்றாவது தாள்: நான் கதவுக்கு வெளியே, சத்தம் போடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு —

இதைச் செய்தும் பார்த்துவிட்டேன். என் நிழல் கதவடியில் தெரிந்துவிட்டது. உள்ளே கதை நின்றது. "படுங்க சார், படுங்க" என்று என் மகள் கிசுகிசுத்தாள். அந்தக் குரலில் இருந்த அக்கறையைக் கேட்டு நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இப்போது காலை, கதவு மூடியிருக்கிறது, சீப்பு ஓடுகிறது. நீங்கள் போங்கள். உங்களை ஒட்டகம் சாருக்குத் தெரியாது. உங்களைப் பார்த்தால் படுக்காது. மெதுவாகத் தட்டுங்கள். முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் இடம் இருக்கும். உட்கார்ந்து, "அப்புறம்?" என்று கேளுங்கள். நாத்தனார் மேலே பார்ப்பாள், ரப்பர் பேண்டைக் கடிப்பாள், அவசரப்படுத்தாதீர்கள். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன், எனக்கு எதுவும் கேட்காது, சத்தியமாக.

திரும்பி வரும்போது எந்த மாடி, என்ன இருந்தது என்றெல்லாம் என்னிடம் சொல்ல வேண்டாம். முதுகு வலி எப்படி இருக்கிறதாம், அதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.